ஒதுக்கி வைத்த போத்தல்

கல்முனைக் கடைத்தெருவில் அத்தர் விற்கும் அபுல் ஹஸனுடைய மூக்கை இதுவரைக்கும் மூன்று பேர் உடைத்திருக்கிறார்கள். முதலாமவன் பக்கத்துக் கடைக்காரன். இரண்டாமவன் சொந்த மச்சினன். மூன்றாமவனுக்கு அவரே முகத்தை நீட்டிக் கொடுத்தார்.

முதல் தடவை அவருக்குப் பத்தொன்பது வயது. வாப்பாவின் கடையில் நின்றார். அத்தர் என்றால் அதில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டும் இருக்கக்கூடாது. பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறவன் அதை நம்பித்தான் வாங்குகிறான். பக்கத்துக் கடையில் வாங்கிய குப்பியொன்றை ஒருவர் கொண்டுவந்து நீட்டினார். ஹஸன் ஒரு துளியைப் புறங்கையில் தொட்டு வைத்து, தேய்க்காமல் மணந்து பார்த்தார். பிறகு தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“இது அத்தர் இல்ல. ஸ்பிரிட்டுக்கு மணம் ஊத்தியிரிக்கான்.”

கதையில்லை, பேச்சில்லை. பக்கத்துக் கடைக்காரன் ஒரு கிலோ எடைக்கல்லோடு வந்தான். ஒரே இடி. மூக்கு எலும்பு நொறுங்கிய சத்தம் ஹஸனுடைய காதுக்குள்ளேயே கேட்டது. ரத்தம் அத்தர்த் தட்டில் சொட்டியது. வாப்பா சாரன் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டே, “மெல்லமாச் சொன்னா என்ன மகன்?” என்றார்.

“மெல்லமாச் சொல்லியிருந்தா அவர் அதப் பூசிட்டு ஜும்ஆவுக்குப் போயிருப்பாரு வாப்பா.”

வாய் நிறைய ரத்தத்தோடு பேசிய பேச்சு இது. ஊர் அன்றைக்கே பேர் வைத்துவிட்டது: மூக்கு ஹஸன். மூக்கு இடப்பக்கம் கோணிப் போனாலும் வேலை செய்தது. அடேயப்பா, என்ன வேலை! மதுவில் ஒரு துளியும் நாக்கில் படாத மனிதருக்கு, முப்பது வருடமாக அத்தரில் கலப்படம் பிடித்துப் பிடித்தே ஸ்பிரிட் வகை அத்தனையும் அத்துப்படி. தென்னஞ்சாராயத்தினது வேறு, ஆசுபத்திரியினது வேறு, மரத்துக்குப் பொலிஷ் அடிப்பது வேறு. பொலிஷ் ஸ்பிரிட் கலந்த குப்பியைத் தொட்டால் மட்டும் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கை கழுவுவார். மற்றதெல்லாம் ஹராம், இது நஞ்சு, கண்ணைத் தின்னும் என்பார்.

வெள்ளைக்காரர்கள் அலையேற வருகிற மாதங்களில் அத்தர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறுகம்பேக் கடற்கரைக்குப் போவது அவருக்கு வழக்கம். அங்கே இனெஸ் என்று ஒருத்தி விடுதி நடத்தினாள். மெக்சிகோக்காரி. அவளுடைய நாட்டில் ஆனைக்கற்றாழையின் அடிக்கிழங்கைக் குழி வெட்டிப் புதைத்து, சுட்ட கல்லில் வேகவைத்து, நசுக்கிப் புளிக்கவைத்து ஒரு மது வடிப்பார்கள். மெஸ்கால் என்று பெயர். அவளுடைய விடுதிக்கு ஆட்கள் வருவதே அதற்காகத்தான். ஹஸன் அவளுடைய புறங்கையில் அத்தரைத் தொட்டு வைத்து மணக்கச் சொன்ன விதத்தைப் பார்த்தவள், அங்கே மது ஊற்றிக் கொடுக்கிற கிசோக்கைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். கிசோக் பக்கத்து ஊரான கோமாரிப் பொடியன். இருபத்தொன்பது வயது, நாலு பாஷை பேசுவான், சிரிக்காமல் ஒரு வசனமும் சொல்லத் தெரியாதவன், ஹஸனை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பான்.

“காக்கா, அவங்கட ஊரிலயும் இப்பிடித்தானாம். ஒரு சொட்ட உள்ளங்கையில விட்டு, தேச்சு மணந்து பாப்பாங்களாம். நீங்க ஒருக்காப் பாக்கிறீங்களாண்டு கேக்கிறா.”

“நான் குடிக்கிறல்ல மனே.”

“குடிக்க வேணாமாம். மூக்கு மட்டும் போதுமாம்.”

மூன்று கிண்ணம் வைத்தார்கள். அத்தரைத் தேய்த்தால் மணம் செத்துவிடும். இது தேய்த்தால்தான் உயிர்த்தது. முதலாவதை மணந்து, “சுட்ட அன்னாசி. பின்னால தேங்கா மட்டப் புகை” என்றார். இரண்டாவதற்கு, “இத மண்சட்டியில வடிச்சிரிக்காங்க. புதுச்சட்டியில தண்ணி ஊத்தின மணம் வருது” என்றார். மூன்றாவதை மணந்ததும் முகத்தைச் சுளித்தார். திரும்ப மணந்தார்.

“இதுக்குள்ள கோழி கிடக்கு. சிரிக்காதடா, கோழிதான். பழமும் கிடக்கு. ஆனா ஒண்டு சொல்றன், மூணிலயும் இதுதான் மேல்.”

இனெஸ் மேசையில் ஓங்கி அறைந்து எழுந்தாள். மூன்றாவது கிண்ணத்தில் இருந்தது கலியாணங்களுக்கு வடிப்பதாம். பழங்களோடு கோழி நெஞ்சிறைச்சியைப் பாத்திரத்துக்குள் கட்டித் தொங்கவிட்டு வடிப்பார்களாம். அன்றிலிருந்து விடுதியில் உடைக்கிற ஒவ்வொரு போத்தலும் முதலில் ஹஸனுடைய உள்ளங்கைக்கு வந்தது. வீட்டில் மனைவி நஸீறாவிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, “மூக்கோட நிக்கட்டும். அங்கயே தேசிக்காய் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

விடுதியில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. ஹஸன் பழுது என்று சொன்ன போத்தலை விருந்தினருக்கு ஊற்றமாட்டார்கள், ஒதுக்கி வைப்பார்கள். ஒதுக்கி வைத்தது கிசோக்குக்கும் சமையற்காரர் தம்பிமுத்துவுக்கும். “என்ன காக்கா, இண்டைக்கு ஒண்டும் பழுதில்லயா?” என்று கிசோக் வந்து நிற்பான். “உனக்காக நல்லதப் பழுதெண்டு சொல்லேலுமா, போடா” என்பார் ஹஸன். மூன்று வருடம் நடந்த விளையாட்டு இது. இந்தச் சட்டத்தை நீங்கள் மறந்துவிடாதீர்கள். ஹஸன் மறந்ததால்தான் எல்லாம் வந்தது.

மச்சினன் றிபாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நஸீறாவின் தம்பி. ஆறு வயதில் உம்மாவை இழந்தவனை ஹஸனும் நஸீறாவும்தான் வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. மருதமுனைப் பக்கம் கதிரை மேசை செய்கிற பட்டறை வைத்திருந்தான், ஒரு வேனும் ஓடியது. கொழும்பிலிருந்து மெஸ்கால் பெட்டிகளை ஏற்றிவர ஆள் தேடிய இனெஸிடம் அவனைக் கூட்டிப்போய் விட்டது ஹஸன்தான். அவனுக்கென்றே சந்தனமும் வெட்டிவேரும் கராம்பும் சேர்த்து ஒரு அத்தர் கலந்து கொடுப்பார். கடையில் வேறு யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

போன வருடம் ஆடி மாதத்து ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. புதிதாக வந்த பெட்டியிலிருந்து முதல் போத்தலை கிசோக் நீட்டினான். ஹஸன் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன கை பாதி வழியில் நின்றது. புகை இருந்தது. ஆனால் அது சிரட்டைப் புகை. அதற்குக் கீழே பொலிஷ் ஸ்பிரிட் இருந்தது. யாரோ உண்மையானதை எடுத்துவிட்டு நஞ்சை ஊற்றி, சிரட்டையை எரித்துப் புகை காட்டி அடைத்திருக்கிறான். எந்த நாய் இந்த வேலை பார்த்தது என்று மூடியை எடுத்து மணந்தார்.

மூடியில் சந்தனம், வெட்டிவேர், கராம்பு.

கதிரையில் உட்கார்ந்தார். பத்தொன்பது வயதில் எடைக்கல்லுக்கு முன்னால் நின்று தெருவே கேட்கச் சொன்ன வாய் இப்போது திறக்கவில்லை. சொன்னால் பொலிஸ். பொலிஸ் வந்தால் றிபாத் உள்ளே. நஸீறாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நாளைக் காலை அவனைப் பிடித்து நாலு அறை போட்டு, பெட்டியைச் சத்தமில்லாமல் திரும்ப எடுக்கவைத்தால் போதும், ஒருவருக்கும் ஒன்றுமாகாது என்று கணக்குப் போட்டார்.

“என்ன காக்கா, பழுதா?”

“ஓம் மனே. புகை கூடிப்போச்சு. இந்தப் பெட்டியில ஒண்டும் உடைக்காத. இதையும் ஒதுக்கி வை. நாளைக்கி வாறன்.”

ஒதுக்கி வை! எந்த மூளையால் அதைச் சொன்னாரோ. கையைக்கூடக் கழுவாமல் பொத்துவில் போய் பஸ் ஏறினார். பட்டறையில் றிபாத் இல்லை, அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தான், தொலைபேசியையும் எடுக்கவில்லை. பொழுதுபட்டு மஹ்ரிபுத் தொழுகை நேரம் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். நஸீறா என்ன ஏதென்று கேட்டதும் கை கழுவ எழுந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பட்டறைக்குப் போனார். றிபாத் ஒரு கட்டில் காலுக்கு உளி வைத்துக்கொண்டிருந்தான். ஹஸன் சலாமும் சொல்லவில்லை, அவனுடைய சட்டைக் கொலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

“போத்தலுக்குள்ள என்னடா ஊத்தினாய்?”

முதலில் மறுத்தான். உன்னுடைய மணம் மூடியில் கிடக்கிறது என்றதும் சுருங்கினான். உண்மையானதையெல்லாம் வேறு இடத்துக்கு விற்றுவிட்டானாம்.

“அதுவும் ஸ்பிரிட், இதுவும் ஸ்பிரிட்தானே மச்சான்? வெள்ளக்காரன் எந்த எழவையும் குடிப்பான். ஹராமுல என்ன கூடக் கொறய?”

அவன் நடிக்கவில்லை. ஒரு நாளும் குடிக்காதவன், குடிக்கிறவனோடு ஒரு நாளும் பழகாதவன். போத்தலுக்குள் இருப்பதெல்லாம் ஒன்று என்றுதான் அந்த மடையன் நினைத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஹஸனுடைய தொலைபேசி அடித்தது. இனெஸ். அழுகையும் அரைகுறைத் தமிழுமாகக் கத்தினாள். தம்பிமுத்து மௌத்து, உயிர் போய்விட்டது. கிசோக் சத்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறான், கண் முன்னால் பால் ஊற்றின மாதிரி எல்லாம் வெள்ளையாக இருக்கிறதாம். நேற்றுப் பின்னேரம் ஒதுக்கி வைத்த போத்தலை இரண்டு பேரும் குடித்தார்களாம்.

ஹஸனுக்கு அதற்குப் பிறகு நிதானம் இருக்கவில்லை. அரைகுறையாய்ச் செதுக்கிய கட்டில் காலைத் தூக்கி றிபாத்தின் தோளில் இறக்கினார். திரும்பவும் இறக்கினார். முதுகில், முழங்கையில், கைபட்ட இடமெல்லாம். வளர்த்த பிள்ளை தரையில் புரண்டு, “மச்சான், அல்லாவுக்காக!” என்று அலறினான். அவர் நிறுத்தவில்லை. உருண்டு போனவனுடைய கையில் உளி அடிக்கிற மரச் சுத்தியல் அகப்பட்டது. எழுந்த வேகத்தில் அதை ஹஸனுடைய முகத்தில் வீசினான். பழைய முறிவிலேயே விழுந்தது. இந்தத் தடவை சத்தம் தெருவுக்கே கேட்டது. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் இருந்ததெல்லாம் கூழாகிப்போய் மரத்தூளுக்குள் முகம் குப்புற விழுந்தார். றிபாத் சுத்தியலைப் போட்டுவிட்டு, “யா அல்லாஹ், நான் என்ன செய்திட்டன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஹஸன் எழுந்து, ரத்தம் வடிய வடியப் பொலிசுக்கு நடந்தார். மச்சினன் செய்ததையெல்லாம் சொன்னார். மூடி, சிரட்டைப் புகை, பொலிஷ் ஸ்பிரிட், ஒன்றும் விடவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினார். நஞ்சு என்று எப்போது தெரியும் என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மச்சினன் வாயால் கேட்டபோதுதான் நிச்சயமாகத் தெரியும், அதற்கு முதல் வெறும் பழுது என்றுதான் நினைத்தேன் என்றார். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வைத்தார்.

றிபாத்தை மறியல் சிறையில் போட்டார்கள். மூன்றாம் நாள் அவனுடைய கூட்டாளிகள் ஆறேழு பேர் கம்பியும் பொல்லுமாகக் கடைத்தெருவுக்கு வந்தார்கள். “வளத்த பொடியனக் காட்டிக் குடுத்த நாய்!” என்று கத்திக்கொண்டு கடைக்குள் புகுந்தார்கள். கண்ணாடி அலுமாரிகள் விழுந்தன. ஊது, சந்தனம், ரோசா, கஸ்தூரி, முப்பது வருடத்துச் சேமிப்பு முழுக்கத் தெருவில் உடைந்து ஓடியது. தடுக்கப் போன ஹஸனுடைய இரண்டு விரலைக் கம்பியால் முறித்தார்கள். சனம் கூடியது. தெரு முழுக்க மணம் அள்ளிக்கொண்டு போகிறது, பள்ளிவாசல் வரைக்கும் அடிக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஹஸன் அதற்கு நடுவில் உடைந்த கையோடு நின்று மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. குனிந்து ஓடுகிற கஸ்தூரியை உள்ளங்கையில் அள்ளி முகத்தில் அப்பிப் பார்த்தார். வெறும் ஈரம். அந்தச் சுத்தியலோடு மணம் என்பதே அவருக்கு முடிந்துபோயிருந்தது.

நஸீறா நாற்பது நாள் அவரோடு கதைக்கவில்லை. சோறு போடுவாள், மருந்து வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். கிசோக்கைப் பெரிய ஆசுபத்திரியிலிருந்து விட்டார்கள், கண் இரண்டும் போய்விட்டது, இனி வராது என்ற செய்தி வந்த அன்று, அவளே வந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“என்ட தம்பி செய்ததுக்கு அவன் உள்ள கிடக்கட்டும். நான் உங்களோட சண்டைக்கு வரல்ல. ஒண்டு கேக்கிறன். அந்த வியாழக்கிழமை மஹ்ரிபுக்கு நீங்க சோத்தப் பிசைஞ்சிட்டு இருந்தீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியும். என்ன?”

ஹஸன் ஆமென்று தலையசைத்தார்.

“என்ட தம்பிட கதய ஊருக்கெல்லாம் சொன்னீங்க. உங்கட கதய எப்ப சொல்றது?” அவள் எழுந்து நின்றாள். “மூக்கு ஹஸனாம், உண்மையாம்! அந்தப் புள்ளயிட கண்ணுக்கு ரெண்டு பேரும்தானே பொறுப்பு? போங்க. அவன்ட வாசல்ல போய்ச் சொல்லிட்டு வந்து இந்த வீட்டில தண்ணி குடிங்க.”

அடுத்த நாள் காலை பஸ்ஸில் கோமாரிக்குப் போனார். வழி முழுக்க இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. நஸீறாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்து வைத்த வாக்குமூலம் இருக்கிறது. சொன்னால், நீதவான் கோட்டில் பொய் வாக்குமூலம் என்று அவரையும் பிடிக்கலாம். இவ்வளவும் மனதில் ஓடியும் அவர் இறங்கவில்லை.

கிசோக் வளவுக்குள் தென்னை மரத்தடியில் பாயில் இருந்தான். தாய் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் கிசோக்கின் முகம் மலர்ந்தது.

“காக்காவா! அம்மா, இவர்தான், சொந்த மச்சானையே பிடிச்சிக் குடுத்த மனிசன். வேற ஆரும் எண்டா மூடி மறைச்சிருப்பாங்க. கும்பிடோணும் உங்கள.”

ஹஸன் கிட்டப் போகவில்லை. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“கும்பிடாத மனே. எனக்கு வியாழக்கிழமையே தெரியும். நீ போத்தல நீட்டின அந்த நேரமே தெரியும். நஞ்செண்டும் தெரியும், றிபாத்துட வேலையெண்டும் தெரியும். அவனக் காப்பாத்தத்தான் புகை கூடிப்போச்செண்டு சொன்னன். ஒதுக்கி வையெண்டு என்ட வாயாலதான் சொன்னன். ஒதுக்கினா நீங்க குடிப்பீங்க எண்டது அந்த நேரம் எனக்கு ஓடயில்ல. அல்லா மேல ஆணை, ஓடயில்ல.”

துருவலைச் சத்தம் நின்றது.

“நஞ்செண்டு ஒரு சொல்லு,” என்றான் கிசோக். “அந்த ஒரேயொரு சொல்லச் சொல்லியிருக்கலாமே காக்கா. தம்பிமுத்து அண்ணன் என்ட மடியிலதான் போனாரு. அவர் துடிச்சது எனக்குக் கடைசியாத் தெரிஞ்சது. அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியல்ல.”

“ஓம்.”

“கிட்ட வாங்க.”

ஹஸன் அவனுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். கிசோக் இரண்டு கையாலும் அவருடைய முகத்தைத் தடவினான். நெற்றி, புருவம், கன்னம். சுத்தியல் பட்டுத் தட்டையாகிப்போன மூக்கில் விரல் நின்றது. இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டான். வலது கை பின்னுக்குப் போனது. ஹஸன் கண்ணை மூடவில்லை, முகத்தை நீட்டிக் கொடுத்தார். குறி தப்பவில்லை. ஆறிவந்த எலும்பு திரும்பவும் நொறுங்கியது. ரத்தம் இரண்டு பேருடைய சட்டையிலும் தெறித்தது. கிசோக் திரும்பவும் குத்தினான், அதற்குப் பிறகும் குத்தினான். தாய் ஓடிவந்து, “ஐயோ, போதும் மனே, செத்திருவார்!” என்று கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் அவளைத் தள்ளிவிட்டு, பாயில் விழுந்து ஓவென்று அழுதான். ஹஸனும் அழுதார். எழுந்து போகவில்லை.

அழுது முடிந்த பிறகு கிசோக் கேட்டான்.

“கோட்டில என்ன சொல்லப்போறீங்க?”

“இத அப்பிடியே சொல்லுவன்.”

“உங்களையும் பிடிப்பாங்களே.”

“பிடிக்கட்டும்.”

“அண்டைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க சொல்றத நான் கேக்கோணும்.”

வழக்கு நாளன்று ஹஸன் விடியவே கோமாரிக்குப் போய் அவனை அழைத்துவந்தார். பஸ்ஸில் கிசோக் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நஸீறா நீதிமன்றப் படியில் காத்து நின்றாள். கூண்டுக்குள் றிபாத் ஒரு கையை மடக்க முடியாமல் நின்றான்.

போத்தலில் இருப்பது நஞ்சு என்று உமக்கு எப்போது தெரியும் என்று சட்டத்தரணி கேட்டார்.

கோணி, தட்டையாகி, ஒரு மணமும் ஏறாத மூக்கோடு ஹஸன் நிமிர்ந்தார். தெருவே கேட்கிற அந்தப் பழைய குரல் வந்தது.

“வியாழக்கிழமை பின்னேரம், மூண்டர மணிக்கி. பொலிசுல நான் சொன்னது பொய்.”

பின்வரிசை வாங்கிலிருந்து கிசோக், “ஓம், மூண்டர மணி” என்றான். அவனை யாரும் கேட்கவில்லை. அமைதியாக இருக்கும்படி சொன்னார்கள்.